கதிர்வீச்சு பட்ட ஒய்பிசிஓ-வில் சுழல் பிணைப்பை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒய்பிசிஓ என்பது இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு; மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் கடத்தும் மீக்கடத்தி. அயனிக்கற்றை அதன் மாதிரித் துண்டின் மேல் விழுவது சில நிமிடங்கள்தான். சில சமயம் சில விநாடிகள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை மூன்று மாதம் இழுக்கும். காட்பாடிப் பக்கம் எங்கள் லேப்பில் புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள் சறுக்குவது இந்த மூன்று மாதத்தில்தான். "மொதல்ல பீம் டைம் கிடைக்கட்டும் சார், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். பீம் டைம் என்றால் முடுக்கியில் நமக்கு ஒதுக்கும் கற்றை நேரம். அப்புறம் பார்க்க முடியாது. கதிர் பட்ட மாதிரி பழையபடி திரும்பாது. அது முன்பு எப்படி இருந்தது என்ற அளவீடு கையில் இல்லாவிட்டால், பிறகு எடுக்கும் எந்த ரீடிங்கையும் எதோடும் ஒப்பிட முடியாது.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். எந்தப் படியையும் இடம் மாற்றாதீர்கள்.

1. என்ன பிடிக்கிறது, எதைப் பிடிக்கிறது

உயர்வெப்ப மீக்கடத்திக்குள் காந்தப்புலம் சுழல்களாக, மெல்லிய குழாய்கள் போல, நுழைகிறது. ஒவ்வொரு சுழலும் சுமப்பது ஒரே ஒரு பாயக் குவாண்டம்: 2.07×10⁻¹⁵ வெபர். மின்னோட்டம் விட்டால் லாரன்ஸ் விசை சுழலைத் தள்ளும். சுழல் நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றும், சூடு வரும், மீக்கடத்தி என்ற பேருக்கே பொருளில்லாமல் போகும்.

சுழலின் நடுக்கருவில் மீக்கடத்தல் செத்துக் கிடக்கும். நல்ல பொருளில் அந்தக் கருவை உருவாக்க ஆற்றல் செலவாகிறது. ஏற்கெனவே கெட்டுப்போன இடத்தில் கரு உட்கார்ந்தால் அந்தச் செலவு மிச்சம். அதனால் சுழல் அங்கேயே நின்றுவிடும். இதுதான் சுழல் பிணைப்பு. ஆடிக்காற்றில் வறண்ட பாலாற்றில் பறக்கும் பிளாஸ்டிக் கவர்கள் சீமைக்கருவேல முள்ளில் மாட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மணல் மட்டும் இருந்தால் அவை ஆற்காடு வரை போயிருக்கும்.

முள்ளின் அளவும் பொருந்த வேண்டும். சுழல் கருவின் அளவைத் தீர்மானிப்பது கோஹிரன்ஸ் நீளம். ஒய்பிசிஓ-வில் தாமிர-ஆக்சிஜன் தளத்துக்குள் அது ஏறத்தாழ 1.5 நானோமீட்டர், அந்தத் தளத்துக்குச் செங்குத்தான சி அச்சில் இன்னும் குறைவு. எனவே சில நானோமீட்டர் அகலக் குறைபாடே போதும். பட்டறையில் கலக்கும் மைக்ரான் அளவு துகள்கள் இந்த வேலைக்குப் பெரியவை. கதிர்வீச்சை நாடுவதற்கு இதுதான் காரணம்.

2. கதிரைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் முதலிலேயே

எந்தக் கதிர் என்பதைப் பொறுத்து மாதிரியின் தடிமன், மின்தொடுப்பு உலோகம், அளவீட்டுக் கோணம் எல்லாம் மாறும். மாதிரி செய்துவிட்டுக் கதிரைத் தேடுவது, தாலி வாங்கிவிட்டுப் பெண் தேடுவது மாதிரி.

எலக்ட்ரான், சில எம்இவி (மெகா எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றலுள்ள புரோட்டான்: பெரும்பாலும் புள்ளிக் குறைபாடுகள், சிறு கொத்துகள். தனித்தனியாகப் பலவீனமானவை, எண்ணிக்கையில் ஏராளம். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1.7 எம்வி டாண்டெட்ரான் முடுக்கி இருக்கிறது; வேலூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

வேக நியூட்ரான்: மோதல் தொடராகப் பரவி, சில நானோமீட்டர் அகலத்தில் ஒழுங்கு குலைந்த உருண்டைகளை விட்டுச்செல்லும். கூடவே புள்ளிக் குறைபாடுகளும் வரும். எந்தத் திசையிலும் ஒரே மாதிரி பிடிக்கும்.

கன அயனி: இது வேறு வகை. அயனி எலக்ட்ரான்களுக்குக் கொடுக்கும் ஆற்றல் ஒரு நானோமீட்டருக்கு ஏறத்தாழ 20 கேஇவி-யை (கிலோ எலக்ட்ரான்வோல்ட்) தாண்டினால், ஒய்பிசிஓ-வில் தொடர்ச்சியான தூண் போன்ற தடம் விழும். தில்லியில் இண்டர் யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் பெல்லெட்ரான் முடுக்கியில் கிடைக்கும் 200 எம்இவி வெள்ளி அயனி இந்த வரம்பைத் தாண்டுகிறது. தூணுக்கு இணையாகச் சுழல் படுத்தால் முழு நீளமும் பிடிபடும்.

ஒரு வழக்கமான தவறு: 200 எம்இவி வெள்ளி என்றால் எந்த மாதிரியிலும் தூண் விழும் என்று நினைத்துக்கொள்வது. அந்த அயனி பத்து மைக்ரோமீட்டர் அளவில் நின்றுவிடும். நிற்கும் முன்பே வேகம் குறைந்து தூண் துண்டு துண்டாகும். ஐம்பது மைக்ரான் படிகத்தை வைத்தால் மேல்தோலுக்கு மட்டும் தூண், அடியில் ஒன்றுமில்லை. சில நூறு நானோமீட்டர் படலம் என்றால் இந்தக் கவலையே இல்லை. அயனி படலத்தைத் துளைத்து, படலம் வளர்த்த அடித்தட்டில் போய்ப் புதையும்.

நுழையும் ஆழத்தையும் ஆற்றல் இழப்பையும் ஸ்ரிம் மென்பொருளில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சேர்மத்துக்கு அது தானாகப் போடும் அடர்த்தியை நம்ப வேண்டாம். ஒய்பிசிஓ-வுக்குக் கன சென்டிமீட்டருக்கு 6.3 கிராம் என்று கையால் போடுங்கள்.

3. மாதிரி: ஒன்று போதாது, மூன்று வேண்டும்

ஒரே படலத்திலிருந்து மூன்று துண்டுகள் வெட்டுங்கள். ஒன்று கதிருக்கு. இரண்டாவது கூடவே பயணம் செய்து, வெற்றிடத்துக்குள் போய், கற்றை மட்டும் படாமல் திரும்பி வர வேண்டும். மூன்றாவது உலர்கலனைவிட்டு நகரக் கூடாது.

இரண்டாவது துண்டை வீண்செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. ஒய்பிசிஓ ஈரத்தில் கெடும்; சூட்டில், வெற்றிடத்தில் ஆக்சிஜனை விடும். ஆக்சிஜன் குறைந்தாலும் மாறுநிலை வெப்பநிலை இறங்கும், கதிர்க் குறைபாடு கூடினாலும் இறங்கும். கற்றை படாத துண்டும் அதே அளவு இறங்கியிருந்தால், பழி கதிர்மேல் இல்லை. ஐப்பசி மழையில் உலர்கலனின் சிலிக்கா ஜெல் இரண்டே நாளில் நிறம் மாறிவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடையாளத்தை டப்பாவின் மேல் எழுதாதீர்கள், அடித்தட்டின் பின்புறம் கீறுங்கள். இது என் சொந்த அனுபவம். காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறும்போது ஒழுங்காக இருந்த நான்கு டப்பாக்கள் தில்லியில் இறங்கும்போது ஒட்டுச்சீட்டு உதிர்ந்து கிடந்தன. ஒரே அளவு, ஒரே கறுப்பு. எது எது என்று கண்டுபிடிக்க மறுபடி வேலூருக்கே வந்து எல்லாவற்றையும் அளக்க வேண்டியதாயிற்று. தவறு என்னுடையதுதான்.

4. 'முன்பு' அளவீடு

இதில்தான் அதிக நாள் செலவழியுங்கள். கதிருக்குப் போகும் அதே துண்டில், இந்த வரிசையில்:

முதலில் பரிமாணம். நீளம், அகலம் நுண்ணோக்கியில். தடிமன் வளர்த்தவரிடமிருந்து எழுத்தில். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த மூன்று எண்களின் மேல் நிற்கிறது.

அடுத்து மாறுநிலை வெப்பநிலை. நல்ல ஒய்பிசிஓ 90 கெல்வினைத் தாண்ட வேண்டும். மாற்றத்தின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காந்தத் தயக்க வளையங்கள்: புலத்தை ஏற்றி இறக்கும்போது மாதிரியின் காந்தமாக்கம் வரையும் மூடிய வளைவுகள். 77 கெல்வினோடு நிறுத்திவிடாதீர்கள். திரவ நைட்ரஜன் கையருகே கிடைக்கிறது என்பதற்காக 77-இல் மட்டும் அளந்து வருபவர்கள்தான் அதிகம். 5, 20, 40, 60, 77 என்று ஐந்து வெப்பநிலையாவது வேண்டும். ஏன் என்பது ஏழாவது படியில் விளங்கும். காந்தமானியில் நேரம் கிடைக்க இரண்டு மாதம் ஆனாலும் காத்திருங்கள்.

புலத்தை ஏற்றும் வேகத்தை எழுதி வையுங்கள். சுழல்கள் மெல்ல மெல்ல ஊர்ந்து நழுவிக்கொண்டே இருப்பதால், வளையத்தின் அகலம் எவ்வளவு வேகமாக அளந்தீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். முன்பு ஒரு வேகம், பின்பு ஒரு வேகம் என்றால் வித்தியாசத்தில் ஒரு பங்கு கருவியுடையது.

கடைசியாக, வாய்ப்பிருந்தால், கோண அளவீடு: புலத்தின் திசையை மாற்றி மாற்றி மாறுநிலை மின்னோட்டத்தை அளப்பது. இதற்கு மின்னோட்டம் விட்டு அளக்க வேண்டும். படலத்தைக் குறுகிய பாலமாகச் செதுக்காமல் செய்ய முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 நானோமீட்டர் தடிமனில் சதுர செ.மீ.க்கு 20 லட்சம் ஆம்பியர் தாங்கும் படலம், 3 மி.மீ. அகலத்தில் 12 ஆம்பியர் கேட்கும். தொடுப்பு எரிந்துபோகும். அதையே 50 மைக்ரான் பாலமாக்கினால் 0.2 ஆம்பியரில் வேலை முடிகிறது. சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட் தோன்றும் மின்னோட்டமே மாறுநிலை மின்னோட்டம் என்பது வழக்கமான அளவுகோல்.

நியூட்ரானுக்குப் போகும் மாதிரியில் வெள்ளித் தொடுப்பு வைக்காதீர்கள். நியூட்ரான் பட்டால் வெள்ளியில் கதிரியக்க வெள்ளி-110எம் உண்டாகும்; அதன் அரையாயுள் சுமார் 250 நாள். மாதிரியைத் தொடவே விடமாட்டார்கள். உலோக நாடா அடித்தட்டில் கோபால்ட் இருந்தால் கோபால்ட்-60, அது ஐந்து வருடக் கதை. நியூட்ரான் என்றால் காந்தமானியோடு நிறுத்திக்கொள்வதே சுலபம். காடோலினியம் கலந்த படலமாக இருந்தால் மெதுநியூட்ரானைத் தடுக்கும் காட்மியம் உறையும் வேண்டும். மெதுநியூட்ரானை காடோலினியம் அள்ளி விழுங்கும், அதனால் வரும் புள்ளிக் குறைபாடுகள் உங்கள் கணக்கைக் கலைத்துவிடும்.

5. ஃப்ளூயன்ஸ் கணக்கு

சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை துகள் என்பதுதான் ஃப்ளூயன்ஸ். கன அயனிக்கு இதைத் தீர்மானிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு தூணுக்கு ஒரு சுழல் என்று சரிக்குச் சரி வரும் புலமே பொருந்து புலம்: ஃப்ளூயன்ஸைப் பாயக் குவாண்டத்தால் பெருக்கினால் போதும். 5×10¹⁰ அயனி என்றால் ஏறத்தாழ 1 டெஸ்லா. 10¹¹ என்றால் 2 டெஸ்லா.

இங்கே புதியவர்கள் கவனிக்காத ஒன்று: பொருந்து புலம் உங்கள் காந்தத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். கல்லூரி மின்காந்தம் 1 டெஸ்லா தருமென்றால், 2.5×10¹⁰ கேளுங்கள், அப்போது பொருந்து புலம் அரை டெஸ்லா. அதற்குக் கீழும் மேலும் நடப்பதை இரண்டு பக்கமும் பார்க்க முடியும்.

நிறைய அடித்தால் நிறையப் பிடிக்கும் என்ற எண்ணம் தப்பு. தடத்தின் விட்டம் 8 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 5×10¹⁰-இல் பரப்பில் இரண்டரை சதவீதம் கெடுகிறது. 10¹²-க்குப் போனால், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கழிக்காமல் பார்த்தால், பாதிப் பரப்பு போச்சு. முள் நட்டு நட்டு நடக்க வழியே இல்லாமல் செய்துவிட்டு, மின்னோட்டம் எங்கே என்று கேட்பதில் பயனில்லை.

அடுத்த பிழை மின்னேற்றத்தில். அயனி 9+ நிலையில் வந்தால், 9 நானோஆம்பியர் மின்னோட்டம் என்பது 1 துகள்-நானோஆம்பியர்தான். அதாவது விநாடிக்கு 6.24×10⁹ அயனி. ஒன்பதால் வகுக்க மறந்தால், நினைத்ததில் ஒன்பதில் ஒரு பங்குதான் மாதிரியில் விழும். மாணவர் வரைபடத்தைப் பார்த்து "கதிரால் மாற்றமே இல்லை" என்று எழுதுவார்.

6. கற்றை நாள்

1 துகள்-நானோஆம்பியரை ஒரு சதுர செ.மீ.யில் பரப்பினால் 5×10¹⁰-ஐ எட்ட எட்டே விநாடி. திரையை மூடுவதில் ஒரு விநாடி தாமதம், எட்டில் ஒரு பங்கு பிழை. மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். நேரமும் கட்டுக்குள் வரும், சூடும் ஏறாது. மாதிரியை வெள்ளிப் பசையால் தாங்கியில் நன்றாக ஒட்டுங்கள்.

மாதிரியைச் சாய்த்து வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சி அச்சிலிருந்து 30 பாகை சாய்த்து அடித்த ஒரு துண்டு, நேராக அடித்த மூன்று துண்டுகளுக்குச் சமம். காரணம் ஒன்பதாவது படியில். சாய்த்தால் கற்றை அதிகப் பரப்பில் விரியும், எனவே மாதிரியின் பரப்பில் விழும் ஃப்ளூயன்ஸ் சாய்கோணத்தின் கோசைனால் குறையும். நேரத்தை அதற்கேற்பக் கூட்டுங்கள்.

7. 'பின்பு' அளவீடு

அதே துண்டு, அதே கருவி, அதே வேகம், அதே வெப்பநிலைகள். எலக்ட்ரான், புரோட்டான் பட்ட மாதிரிகளில் ஆக்சிஜன் குறைபாடுகள் அறை வெப்பநிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆறும். எத்தனை நாள் கழித்து அளந்தீர்கள் என்பது எல்லா மாதிரிக்கும் ஒன்றாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் காருக்குள் மாதிரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது அந்த ஐந்து வெப்பநிலைக்கான காரணம். மாறுநிலை வெப்பநிலை 91-லிருந்து 89 கெல்வினுக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 77 கெல்வின் என்பது முன்பு அதில் 0.846 பங்கு, இப்போது 0.865. எல்லைக்கு இன்னும் நெருங்கிவிட்டோம். அதனால் பிணைப்பு கூடியிருந்தும் 77 கெல்வினில், புலமில்லாத நிலையில், மின்னடர்த்தி (ஒரு சதுர செ.மீ. குறுக்குவெட்டுக்கு மாறுநிலை மின்னோட்டம்) குறைந்தே காட்டும். அதே மாதிரியை 20 அல்லது 40 கெல்வினில், சில டெஸ்லாவில் அளந்தால் கூடியிருப்பது தெரியும். புள்ளிக் குறைபாடுகளில் இது சர்வசாதாரணம். 77-ஐ மட்டும் பார்த்துவிட்டு "கதிர் மாதிரியைக் கெடுத்தது" என்று முடித்த ஆய்வேட்டை நானே திருத்தியிருக்கிறேன்.

படிகத்தில் இன்னொரு எச்சரிக்கை. மின்னடர்த்தி ஏறினால், புலம் முழுதும் ஊடுருவத் தேவையான அளவும் ஏறும். முன்பு போதுமாக இருந்த உச்சப் புலம் இப்போது போதாமல் போகலாம். திரும்பும் வளைவு முழுதாகத் திரும்பியதா என்று பார்த்த பிறகே அகலத்தை எடுங்கள்.

8. வளையத்திலிருந்து மின்னடர்த்திக்கு

இதற்குப் பயன்படுவது பீன் மாடல் என்ற கணக்கு முறை. புலம் செவ்வகத் துண்டுக்குச் செங்குத்தாக இருக்கும்போது: வளையத்தின் அகலத்தை 20-ஆல் பெருக்கி, "ஏ × (1 − ஏ/3பி)"-ஆல் வகுக்க வேண்டும். இதில் ஏ சிறிய பக்கம், பி பெரிய பக்கம், இரண்டும் சென்டிமீட்டரில். அகலம் கன செ.மீ.க்கு இஎம்யு-வில் (காந்தத் திருப்புத்திறனின் அலகு). விடை சதுர செ.மீ.க்கு ஆம்பியர்.

ஒரு முறை போட்டுப் பார்ப்போம். துண்டு 3 × 5 மி.மீ., தடிமன் 200 நானோமீட்டர். கன அளவு 3×10⁻⁶ கன செ.மீ. கருவி காட்டும் இடைவெளி 0.06 இஎம்யு. வகுத்தால் 20,000. அதை 20-ஆல் பெருக்கி 0.24-ஆல் வகுத்தால் சுமார் 16.7 லட்சம் ஆம்பியர். நியாயமான எண்.

மில்லிமீட்டரில் போட்டால் விடை பத்தில் ஒன்று. அடித்தட்டின் அரை மில்லிமீட்டரையும் கன அளவில் சேர்த்தால் 2500 மடங்கு குறையும். இரண்டையும் ஒரே மாணவர் ஒரே நாளில் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

9. எந்தக் குறைபாடு பிடிக்கிறது?

மின்னடர்த்தி ஏறியது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. நான்கு பக்கமிருந்தும் பாருங்கள்.

புலம்: இரு மடக்கை வரைபடத்தில் மின்னடர்த்தி எந்த அடுக்கில் விழுகிறது? வலுவான, அரிதான பிணைப்பில் அடுக்கு 0.5-ஐ ஒட்டி இருக்கும். கதிர் நல்ல வேலை செய்திருந்தால் சரிவு மென்மையாகும். மிகக் குறைந்த புலத்தைப் பொருத்தத்தில் சேர்க்காதீர்கள். அங்கே மாதிரியின் சொந்தப் புலமே ஆட்சி செய்யும்.

மீளாப் புலம்: தயக்க வளையம் மூடி, பிணைப்பு மறையும் புலம் இது; வெப்பநிலையோடு இது மாறுவதைக் காட்டுவது மீளாக்கோடு. கன அயனித் தூண்கள் 77 கெல்வினில் மீளாக்கோட்டை மேலே தள்ளும். புள்ளிக் குறைபாடுகள் அதைப் பெரிதாக அசைக்காது. இரண்டையும் பிரிக்க இது நல்ல வழி.

பிணைப்பு விசை: மின்னடர்த்தியைப் புலத்தால் பெருக்குங்கள். வரும் விசையை அதன் உச்ச மதிப்பாலும், புலத்தை மீளாப் புலத்தாலும் வகுத்து வரையுங்கள். பிணைப்பு வகைகளைப் பிரிக்கும் டியூ-ஹியூஸ் கணக்கில் உச்சம் 0.33-இல் வந்தால் இயல்நிலைப் புள்ளிகள், 0.2-இல் வந்தால் பரப்புப் பிணைப்பு. ஆனால் மீளாப் புலத்தைக் கண்ணால் ஊகித்துவிட்டு உச்சம் சரியான இடத்தில் வருகிறது என்று மகிழ்பவர்கள் அதிகம். ஊகத்தை நகர்த்தினால் உச்சமும் நகரும். உங்கள் காந்தம் மீளாப் புலத்தை நேரில் எட்டாத வெப்பநிலையில் இந்த வரைபடத்தைப் போடவே வேண்டாம் என்பது என் கருத்து.

கோணம்: இதுதான் மறுக்க முடியாத சாட்சி. படலத்தில் இரட்டைப் படிக எல்லைகளும் இடப்பெயர்வுக் கோடுகளும் ஏற்கெனவே சி அச்சில்தான் நிற்கின்றன. நேராக அடித்தால், அங்கே தோன்றும் உச்சம் யாருடையது என்று சொல்ல முடியாது. 30 பாகை சாய்த்து அடித்திருந்தால், உச்சம் 30 பாகையில் வரும். −30-இல் வராது. பழைய குறைபாடு எதுவும் அந்தக் கோணத்தைத் தேர்ந்தெடுக்காது.

10. சூடாக்கிப் பார்த்தல்

எல்லா அளவீடும் முடிந்து, தரவு இரண்டு இடத்தில் சேமித்த பிறகே இதைத் தொடுங்கள். கதிர் பட்ட துண்டையும் கூடப் போய் வந்த துண்டையும் ஒரே உலையில், ஓடும் ஆக்சிஜனில், 400 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து, மெல்ல ஆறவிட்டு மறுபடி அளங்கள். புள்ளிக் குறைபாடுகள் பெரும்பாலும் ஆறிவிடும். மோதல் உருண்டைகளும் தூண்களும் அப்படியே நிற்கும். மிஞ்சிய பிணைப்பு அவற்றுடையது, மறைந்தது புள்ளிகளுடையது.

நம்மூர் மின்வெட்டை மனதில் வைத்து, உலையை இரவில் தனியாக விட்டுப் போகாதீர்கள். பாதியில் மின்சாரம் போய் உலை தானாக ஆறினால் ஆக்சிஜன் அளவு மாறிப்போகும், அந்தத் துண்டுக்கு மறுபடி ஒரு 'முன்பு' கிடையாது.